தலைச்சுற்றலும் உட்காது ஸ்கேனும்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தலைச்சுற்றல் என்று கிளினிக் படியேறுபவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேனே தேவைப்படாது. தேவைப்படும் சிலருக்கோ, எந்த ஸ்கேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிடி எடுக்க வேண்டியவருக்கு எம்ஆர்ஐ எடுத்தாலும், எம்ஆர்ஐ எடுக்க வேண்டியவருக்குச் சாதாரண மூளை சிடி எடுத்தாலும், "ஒன்றுமில்லை" என்ற தாள் கைக்கு வந்துவிடும். நோய் அப்படியே இருக்கும். தோட்டத்திலிருந்தோ, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற சிற்றூரிலிருந்தோ முதல் தடவையாக இந்த வழியில் போகிறவருக்கும், அவரை அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டுரை.

உட்காதில் என்ன இருக்கிறது

காதுக்குப் பின்னால் கைவைத்தால் தட்டுப்படும் கெட்டியான எலும்புக்கு உள்ளே, ஒரு பட்டாணி அளவு இடத்தில், கேட்பதற்கான நத்தைச் சுருளும் சமநிலைக்கான மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்குள்ளும் திரவம். தலை திரும்பும்போது திரவம் அசைந்து, நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும். கேட்கும் உணர்வைக் கொண்டுபோகும் கேள்வி நரம்பும் சமநிலை நரம்பும் ஒரே எலும்புக் குழாய் வழியாக, சேர்ந்தே மூளைக்குப் போகின்றன.

சிடி எக்ஸ்ரே கதிரால் எலும்பைக் காட்டும். உட்காதைச் சுற்றியிருக்கும் எலும்பில் ஓட்டையா, அரிப்பா, முறிவா என்பதற்கு அதுதான். எம்ஆர்ஐ காந்தத்தால் திரவத்தையும் நரம்பையும் மூளையையும் காட்டும். நரம்பில் கட்டியா, மூளையின் பின்பகுதியில் பக்கவாதமா என்பதற்கு அது. இரண்டுமே அமைப்பைத்தான் படம் பிடிக்கின்றன. காது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை), விழி அசைவுச் சோதனை, காதில் குளிர்நீரும் வெந்நீரும் விட்டுப் பார்க்கும் சோதனை போன்றவை. ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசிகளால் இரண்டு காதின் சமநிலை உணர்வும் போய், இருட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுகிறவருக்குக்கூட ஸ்கேன் சுத்தமாக வரலாம்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் "மயக்கமா இருக்கு டாக்டர்" என்று நிறுத்திக்கொண்டால், அவருக்குப் பிடி கிடைக்காது. முந்தைய நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அறை சுற்றுகிறதா, தள்ளாட்டமா, கண் இருண்டு விழப்போகிற மாதிரியா? ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது? எது கிளப்பிவிடுகிறது? காது அடைப்பு, இரைச்சல், கேள்விக் குறைவு உண்டா, எந்தக் காதில்? தலைவலி உண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? மாத்திரைப் பையையே கொண்டுபோவது இன்னும் நல்லது.

நேரக் கணக்குதான் இதில் தலையானது. ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது ஒரு நோய், அரை மணியிலிருந்து அரை நாள் வரை நீடிப்பது வேறு, நாள்கணக்கில் விடாமல் சுற்றுவது முற்றிலும் வேறு. சுற்றும்போது பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் நோயாளியின் கண்ணை நெருக்கமாக வீடியோ எடுத்துவைத்தால், பல ஸ்கேன்களைவிட அது உதவும். விழி எந்தப் பக்கம் துடிக்கிறது என்பதிலிருந்தே எந்தக் காது, எந்தக் குழாய் என்று நிபுணர் சொல்லிவிடுவார்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக், கட்டணம் 1 வெள்ளி) படுத்த நிலையிலும் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், உட்காது வரை போகும் முன் பிரஷர் மாத்திரையையும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதையும் கவனிக்க வேண்டும். சர்க்கரை, ரத்தசோகை இரண்டையும் அங்கேயே பார்த்துவிடலாம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும்.

ஸ்கேன் வேண்டாத சுற்றல்

செம்பனைக் குலை அறுக்க அண்ணாந்து பார்த்ததும் தோப்பே சுழல்கிறது. படுக்கையில் புரண்டால் சுழல்கிறது. அசையாமல் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. காது கேட்பதில் மாற்றமில்லை. சுற்றலைத் தரும் உட்காது நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். பைக்குள் இருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் கழன்று, பெரும்பாலும் பின்புற அரைவட்டக் குழாயில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அந்தத் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் சிடியிலும் தெரியாது, எம்ஆர்ஐயிலும் தெரியாது. இதற்காகக் காசு கட்டி ஸ்கேன் எடுப்பது வீண்.

கண்டுபிடிப்பது படுக்கையிலேயே. நோயாளியை உட்காரவைத்து, தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, வேகமாக மல்லாத்திப் படுக்கவைத்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடிப்பார்கள். சில நொடி கழித்து விழி துடித்து, ஒரு நிமிடத்துக்குள் நின்றால் அதுதான். அதே கட்டிலில் எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் துடிப்பு அடங்கும்வரை வைத்திருந்தால் துகள் பைக்குத் திரும்பிவிடும். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சரியாகிவிட்டது என்று நிச்சயமாகத் தெரியும்வரை மரத்தடியில் அண்ணாந்து வேலை செய்வதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் கூடாது.

ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் சுற்றலும் அடிக்கடி காண்பது. 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. இதிலும் ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். வேறு சந்தேகத்தை விலக்குவதற்காக மட்டும் சில மருத்துவர்கள் எழுதுவார்கள்.

எந்தச் சந்தேகத்துக்கு எது

ஒரு காதில் மட்டும் மெல்ல மெல்லக் கேள்வி குறைகிறது, இரைச்சலும் அந்தக் காதில்தான், நடை லேசாகத் தள்ளுகிறது என்றால் சமநிலை நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ. இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மெதுவாகவே வளரும். பெரிதான பிறகுதான் தலையைச் சுழற்றும் என்று காத்திருக்கக் கூடாது, பலருக்கு அது சுழற்றுவதே இல்லை. இந்த நரம்புகள் போகும் எலும்புக் குழாயை, அதாவது காதுக்குழாய்ப் பகுதியை, 1 மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக, திரவம் வெள்ளையாகத் தெரியும் முறையில் எடுக்க வேண்டும். வெள்ளைத் திரவத்துக்கு நடுவே நரம்புகள் கருங்கோடுகளாகத் தெரியும். கட்டி இருந்தால் அந்த இடத்தில் வெள்ளை மறைந்திருக்கும். சந்தேகம் இருந்தால், கட்டியைப் பளிச்செனக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு மறுபடி எடுப்பார்கள். சாதாரண மூளை சிடியில் சிறிய கட்டி தப்பிவிடும்.

நாள்பட்ட காதுச் சீழ், நாற்றம், அதோடு சுற்றலும் சேர்ந்துவிட்டதா? காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடலை அழுத்தினால் சுற்றுகிறதா? அப்படியானால் செவிப்பறைக்குப் பின்னால் தோல் செதில்கள் சேர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியாட்டோமா, அரைவட்டக் குழாய் வரை துளைத்திருக்கலாம். இதற்கு, உட்காதைச் சுற்றியிருக்கும் பொட்டெலும்பை மட்டும் நுணுக்கமாக எடுக்கும் சிடி. சீழ்க்காதுக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டே வருடங்களைக் கழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுற்றல் சேர்ந்த நாளோடு அந்தக் கை வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும்.

உறுமி மேளம் அருகே நின்றால், முக்கினால், தும்மினால் தலை சுழல்கிறது. தன் காலடி ஓசையும் கண் அசையும் ஓசையும்கூடக் காதுக்குள் கேட்கிறது என்பவர்களுக்கு மேற்புற அரைவட்டக் குழாயின் மேல் எலும்பு இல்லாமல் போயிருக்கலாம். 1998இல் அமெரிக்க மருத்துவர் லாய்ட் மைனர் விவரித்த நோய் இது. சிடி துண்டு 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். குழாயின் வளைவை ஒட்டிய கோணத்தில் படத்தைத் திருப்பி அமைத்தும் பார்க்க வேண்டும். துண்டு தடித்துவிட்டால் மெல்லிய எலும்பு இருந்தும் இல்லாததுபோல் தெரியும். அறிகுறியே இல்லாதவருக்குப் படத்தில் மட்டும் ஓட்டை தெரிந்தால் அறுவைக்கு ஓடக் கூடாது.

மெனியர் நோய்: 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் சுற்றல், ஒரு காதில் அடைப்பு, இரைச்சல், ஏறி இறங்கும் கேள்வி. இதை உறுதிசெய்வது கதையும் ஆடியோகிராமும்தான். எம்ஆர்ஐ எடுப்பது நரம்புக் கட்டி இல்லை என்று பார்ப்பதற்காக. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஏறக்குறைய 4 மணி நேரம் கழித்து எடுக்கும் ஒரு தனி முறையில், உட்காதின் உள்திரவப் பை வீங்கியிருப்பது கருப்பாகத் தெரியும். எல்லா இடத்திலும் செய்வதில்லை. கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சை தாமதமாக வேண்டியதில்லை.

விழுந்து தலையில் அடிபட்டு, காதில் ரத்தமோ தண்ணீரோ வந்து, பிறகு சுற்றல் என்றால் சிடி, உடனே. வேலையிடத்தில் நடந்த விபத்தானால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்க வேண்டும். ஸ்கேன் தாளின் நகலும் முதல் நாள் மருத்துவச் சான்றும் பின்னால் கேட்பார்கள், பத்திரமாக வையுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலை

திடீர்ச் சுற்றலோடு பேச்சுக் குளறல், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் பலவீனம், இதுவரை இல்லாத கடும் தலைவலி அல்லது கழுத்துவலி இருந்தால், அல்லது பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாவிட்டால் 999. தோட்ட மருந்தகத்து டிரெசர் வருவார், சுற்றலை அடக்கும் ஸ்டெமெட்டில் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். பிரஷர், சர்க்கரை உள்ள நடுத்தர வயதுக்காரருக்கு இது சிறுமூளைப் பக்கவாதமாக இருக்கலாம். அவசரப் பிரிவில் எடுக்கும் சிடி, ரத்தக் கசிவைக் காட்டும்; சிறுமூளையில் அடைப்பால் வந்த புதிய பக்கவாதத்தைப் பெரும்பாலும் காட்டாது. முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் எம்ஆர்ஐயிலும் சிறியது தப்பலாம். அதனால் சிடி சுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகும் நடக்க முடியவில்லையானால் திரும்பிப் போங்கள். திரும்பி வந்திருக்கிறோம் என்பதைப் பதிவு மேசையிலேயே சொல்லுங்கள்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி முறித்த பிறகு வந்த சுற்றலும் கழுத்துவலியும் தனி வகை. கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். நெட்டி முறித்ததைச் சொல்லாவிட்டால் கழுத்து ரத்தக் குழாய்களைப் படமெடுக்க யாருக்கும் தோன்றாது.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. எம்ஆர்ஐ பின்னால் எடுத்துக்கொள்ளலாம்.

கடிதமும் தேதியும்

கிளினிக்கில் சூராட் ருஜுக்கான் (நிபுணரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதம்) வாங்கி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போவது வழக்கமான பாதை. தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், ஆனால் தேதி உடனே கிடைக்காது. கடிதத்தில் "தலைச்சுற்றல்" என்ற ஒரே சொல் இருந்தால் வரிசையில் பின்னுக்குப் போகும். எந்தக் காது, எவ்வளவு நேரம், கேள்விக் குறைவு உண்டா, படுக்கைச் சோதனையின் முடிவு என்ன: இந்த நான்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பணிவாகக் கேளுங்கள். ஸ்கேன் அறையில் எந்த முறையில் எடுப்பது என்று முடிவு செய்வது இந்த நான்கு வரியை வைத்துத்தான்.

தனியாரில் எடுப்பதானால் விலை கேட்கும்போது மூன்று கேள்வி: கான்ட்ராஸ்ட் சேர்ந்த விலையா? மூளை மட்டுமா, காதுக்குழாய்ப் பகுதியும் உண்டா? படம் கணினித் தட்டில் (டிஸ்க்) கிடைக்குமா? மலிவு என்று மூளை எம்ஆர்ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போய், நிபுணர் "காதுப் பகுதி இல்லையே" என்று மறுபடி அனுப்பினால் இரட்டைச் செலவு.

முந்தைய இரவு: உலோகம்

சிடிக்குக் காதுத் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, பல் செட் கழற்றினால் போதும். பொட்டெலும்பு சிடிக்குப் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் தேவையில்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட, முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

எம்ஆர்ஐ அப்படியல்ல. காந்தம் எப்போதும் இயக்கத்திலேயே இருக்கும். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. நம் வீடுகளில் தகராறு வருவது இங்கேதான், அதனால் சற்று விரிவாக.

தாலிக்கொடித் தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொடியில் மாட்டியிருக்கும் ஊக்கு எஃகு, அது பாயும். உலோகச் சங்கிலி சூடாகவும் கூடும். கழற்றத்தான் சொல்வார்கள். மருத்துவமனை வாசலில் வைத்து அழுவதைவிட, முந்தைய மாலை வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிப் போட்டுக்கொண்டு கொடியைப் பூட்டி வைத்துவிடுங்கள். மஞ்சள் கயிறு உள்ளே போகலாம். அதிலும் ஊக்கு வேண்டாம். வருடக்கணக்கில் கழற்றாத மூக்குத்தித் திருகாணியும் தோட்டுத் திருகாணியும் அங்கே போய் அவசரத்தில் வராது. முதல் நாளே தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்றுங்கள். காதுக்கு அருகே உலோகம் இருந்தால் பார்க்க வேண்டிய இடமே படத்தில் கருத்துப்போகும். மெட்டிக்குச் சோப்புத் தண்ணீர். ஆண்களின் வெள்ளி அரைஞாண், தாயத்து, கையில் கட்டிய செப்புக் காப்பு, சவுரி முடிக்குள் ஒளிந்திருக்கும் கொண்டை ஊசி எல்லாம் கணக்கில் சேரும். கண் மையும் வேண்டாம். சிலவற்றில் இரும்புச் சத்து கலந்திருக்கும்.

உடலுக்குள் இருப்பது இன்னும் முக்கியம். இதய பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாய்க் கிளிப், காக்லியர் இம்பிளான்ட் (உட்காதில் பொருத்திய கேட்கும் கருவி), எலும்புக்குள் வைத்த தகடு எதுவானாலும் அட்டையோடு சொல்லுங்கள். சிலவற்றோடு எடுக்கலாம், சிலவற்றோடு எடுக்கவே கூடாது. கிரைண்டரில் கத்தி தீட்டியவர்கள், வெல்டிங் செய்தவர்கள், புல்வெட்டும் மெஷின் பிடித்தவர்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். துகள் உள்ளேயே இருந்தால் காந்தம் அதை நகர்த்திப் பார்வையைக் கெடுக்கலாம். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

கான்ட்ராஸ்ட் ஊசி காடோலினியம் கலந்தது. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிமோல். சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்; ரத்தப் பரிசோதனைத் தாள் கேட்பார்கள். சர்க்கரைக்காரர் பட்டினி கிடக்கலாமா என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். தாளில் பட்டினி என்று எழுதாவிட்டால் பசியாறிவிட்டு, மாத்திரை போட்டுவிட்டே போகலாம். சுற்றலுக்குக் கொடுத்த மாத்திரை ஸ்கேனைக் கெடுக்காது. காதில் தண்ணீர் விடும் சோதனைக்கு மட்டும் சில மாத்திரைகளை ஏறக்குறைய 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் மட்டும்.

குழாய்க்குள்

மல்லாந்து படுக்கவைத்து, தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற ஒன்றை மாட்டுவார்கள். காதில் பஞ்சு அடைப்பான், மேலே ஹெட்போன். கையில் ஒரு ரப்பர் பந்து: அழுத்தினால் ஊழியர் வருவார். மெஷின் தட்டும், உறுமும், இடைவிட்டு நிற்கும்; மொத்தம் 30 முதல் 45 நிமிடம். உட்காது சிறியது என்பதால் தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் மங்கும். எச்சில் விழுங்குவதைச் சத்தம் நிற்கும் இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். இருமல் இருந்தால் அது அடங்கிய பிறகு தேதி வாங்குவது நல்லது.

படுக்கை உள்ளே நகரும்போது சிலருக்குத் தலை சுற்றும். பயம் என்று நினைத்துவிடாதீர்கள். வலுவான காந்தப்புலம் உட்காதுத் திரவத்தில் ஓடும் மின்னோட்டத்தோடு சேர்ந்து திரவத்தைத் தள்ளுகிறது. 2011இல் ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். காந்தத்தின் வலு 3 டெஸ்லாவானால் 1.5ஐவிட இது அதிகமாகத் தெரியக்கூடும். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் தணியும். அடைபட்ட இடம் ஆகாதவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் சொன்னால் லேசான மயக்க மருந்து ஏற்பாடு செய்வார்கள்.

முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். துகள் நோய் உள்ளவருக்கு அந்த நொடியில்தான் அறை சுழலும். திரும்பும்போது மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம், கூட ஒருவர் வரட்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும்

சில வரிகள் பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் சுற்றலுக்குக் காரணம் அல்ல. காதுக்குழாயில் ரத்தக் குழாய் வளைந்து போகிறது என்பது நலமாக இருப்பவரிடமும் காணப்படும். மூக்குப் பள்ளத்தில் சளி, காதுக்குப் பின் எலும்பில் லேசான திரவம், வயதானவரின் மூளையில் சிறு வெள்ளைப் புள்ளிகள் போன்றவையும் அப்படியே. புள்ளிகள் பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தச் சொல்லும் நினைவூட்டல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"இயல்பு" என்று வந்தால் எந்தப் பகுதி, எந்த முறை என்று மேலே பாருங்கள். மூளை மட்டும் எடுத்திருந்தால் காதுக்கு அது பதில் அல்ல. சிறு கட்டி என்று வந்தால் பல நேரங்களில் உடனே அறுவை செய்யாமல், குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி எம்ஆர்ஐ எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போது பழைய படம் இல்லாமல் ஒப்பிட முடியாது. அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படத் தட்டைக் கேட்டு வாங்கி, மேலே தேதியும் எந்தக் காது என்பதும் எழுதி, அடையாள அட்டை நகலோடு ஒரே உறையில் போட்டு, ஒவ்வொரு தேதிக்கும் கையோடு கொண்டுபோங்கள்.